பாத்திரத்தில் வாய் வைக்காத பதினாறு மாதம்

செத்துப்போவேனோ என்று பயந்ததைவிட, நாறிக்கொண்டிருக்கிறேனே என்று வெட்கப்பட்டதுதான் எனக்கு அதிகம். சபையார் முன்னால் சொல்லக் கூசுகிற விஷயம்தான். ஆனால் கூசிக் கூசியே ஒன்றேகால் வருஷத்தைத் தொலைத்தவன் நான். இனிக் கூசுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை உள்ளபடி சொல்கிறேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறேன், அதை விட்டுவிட்டால் அவருடைய நன்மை பாதிதான் விளங்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். வயது நாற்பத்தாறு. என் மனைவி ஜெபா குவைத்தில் நர்ஸ். ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை வளைகுடாவுக்குப் போவான், பெண்பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். ஆறு வருஷமாக நானே பொங்கி, நானே தின்று, நானே கழுவிக் கவிழ்க்கிறேன். தனியாக இருந்து பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல நாளில் அப்படிச் சொல்வது சுலபம்.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் முடிந்ததும் எனக்குச் சளி பிடித்தது. எல்லாருக்கும் பிடித்த சளிதான். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போனது, எனக்குப் போகவில்லை. இடது கண்ணுக்குக் கீழே கன்னத்துக்குள் ஏதோ கட்டிக்கொண்ட மாதிரி ஒரு கனம். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் அந்தப் பக்கம் விண்ணென்று தெறிக்கும். மூக்கின் இடது துவாரத்திலிருந்து மஞ்சளாக வடியும். தினமும் விடியற்காலையில் கொக்கிரகுளத்தில் ஆற்றில் குளிப்பவன் நான். "ஆத்துத் தண்ணிதான் சேரல" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆற்றை விட்டேன். நொச்சியும் மஞ்சளும் போட்டு ஆவி பிடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி கடைசியில் வாடை வர ஆரம்பித்தது. முதலில் வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். பீரோவை நகர்த்தினேன், பரணில் ஏறிப் பார்த்தேன். அடுத்த நாள் அதே வாடை அலுவலகத்திலும் வந்தது, பஸ்ஸிலும் வந்தது. அப்போதுதான் எலி என் முகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று புரிந்தது. சாம்பார் கொதிக்கும்போதும், மல்லிகைப்பூக்காரி பக்கத்தில் வந்து நிற்கும்போதும், எனக்கு வந்தது அந்த அழுகல் ஒன்றுதான்.

அந்த வாடை எனக்குப் புதியதல்ல. அதுதான் என்னை உலுக்கியது. என் அப்பா தொண்டையில் புற்று வந்து இறந்தவர். கடைசி ஒரு மாதம் அவர் படுத்திருந்த அறையில் இந்த வாடைதான் இருந்தது. அம்மா உள்ளே போய் எல்லாம் செய்வாள். நான் வாசலோடு நின்று, "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி விடுவேன். அப்பா ஒரு நாளும் "உள்ள வால" என்று கூப்பிடவில்லை. என் மூக்கு சுருங்குவதை அவர் பார்த்திருப்பார். பெற்ற மகனே வாசலோடு நின்றபோது, ஊரான் எனக்கு எதற்குப் பக்கத்தில் வர வேண்டும்? இந்த எண்ணம் மனதில் விழுந்த நாளிலிருந்து நான் எல்லாரையும் விட்டு ஓரடி தள்ளியே நின்றேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனேன். மூக்கில் விளக்கு அடித்துப் பார்த்தார், ஒரு எக்ஸ்ரே எடுத்தார். இடது பக்கத்து சைனஸ் அறை முழுக்க அடைத்திருக்கிறது என்றார். மாத்திரையும் மூக்கில் அடிக்கிற மருந்தும் தந்தார். கேட்டது. பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி பதினைந்து நாள். மூன்றாவது தடவை அவர், "ஒரு பக்கம் மட்டும் இப்படித் திரும்பத் திரும்ப வரக் கூடாதே, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

'உள்ளே என்னதான் இருக்கிறது' என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அப்பாவுக்கும் இப்படி ஒரு சீட்டில்தான் தொடங்கியது. நான் அந்தச் சீட்டை நாலாக மடித்து, வேதாகமத்தின் உறைக்குள் சொருகிவிட்டேன். ஆண்டவர் தொட்டால் ஸ்கேன் எதற்கு என்று எனக்கு நானே பெரிய விசுவாசி மாதிரிப் பேசிக்கொண்டேன். அது விசுவாசமே இல்லை, பயம். பயத்துக்கு வெள்ளை அங்கி போட்டுப் பீடத்தில் ஏற்றியிருந்தேன். அந்த டாக்டரிடமும் நான் திரும்பப் போகவில்லை.

ஜெபாவிடம் 'சைனஸ்' என்று மட்டும் சொன்னேன். வாடையைப் பற்றிச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். "முகம் ஒரு மாதிரியா இருக்கே, மருந்து போடுதீங்களா?" என்பாள். போடுகிறேன் என்பேன். போனில் முகம் தெரியும், வாடை தெரியாது. நாளில் அந்த இருபது நிமிஷம் மட்டும்தான் நான் ஒரு மனுஷியின் முகத்துக்கு நேரே பயமில்லாமல் பேசினேன். உண்மையைச் சொன்னால் அவள் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள். வந்தபிறகு அவளும் வாசலோடு நின்றுவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் சொல்லவில்லை.

இப்போது நற்கருணை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை. அப்பத்துக்குப் பின்னால் திராட்சரசம் கொடுக்கிற பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் வரிசையாக முழங்காலிடுவோம். குருவானவர், எங்கள் பேச்சில் ஐயர், பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்து, வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து அடுத்தவருக்குத் தருவார். பண்ணையாரும் அதில்தான் குடிக்க வேண்டும், அவர் வீட்டில் மாடு கறக்கிறவரும் அதில்தான் குடிக்க வேண்டும். எங்கள் முன்னோர்கள் சண்டை போட்டு வாங்கிய நியாயம் அது. கொரோனா காலத்தில் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள், பிறகு சபையே கேட்டுத் திரும்பக் கொண்டுவந்தது.

அழுகிக்கொண்டிருக்கிற வாயை அந்தப் பாத்திரத்தில் எப்படி வைப்பேன்? அந்தப் பிப்ரவரி முதல் ஞாயிறு ஒரு யுக்தி செய்தேன். எல்லாரும் போன பிறகு கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டேன். எனக்குப் பின்னால் யாரும் குடிக்கப் போவதில்லை என்று நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து நிமிர்ந்தபோது, ஐயர் பாத்திரத்தில் மீந்ததைக் கீழே கொட்டக் கூடாது என்று, வழக்கப்படி தானே குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது மனுஷன். அன்றோடு நான் நற்கருணை எடுப்பதை விட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒருவர் நற்கருணை எடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்கு யாரோடோ தீராத பகை. பகையை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்பது பிள்ளைப் பிராயத்திலிருந்தே எங்களுக்கு ஊட்டப்பட்டது. இதை நான் அறியாதவனா? அறிவேன். ஆனால் என் மூக்கைத் தவிர வேறெதையும் நான் நினைக்காத காலம் அது. நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சபை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டது, நான் என் பாட்டுக்கு வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அலுவலகத்தில் எனக்கு எதிரே இருந்த ஸ்டெல்லா டீச்சர் தன் மேசையை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றிக்கொண்டார். என் வாடைதான் காரணம் என்றிருந்தேன். கோவிலில் என் பெஞ்சில் இருந்தவர்கள் பைய நகர்ந்து, கடைசியில் நான் மட்டும் ஒரு முனையில் இருந்தேன். அதற்கும் வாடைதான் காரணம் என்றிருந்தேன். பாடகர் குழுவில் பாஸ் என்கிற கட்டைக் குரலில் பாடுகிறவன், அதிலிருந்தும் நின்றுவிட்டேன். யாரும் வீடு தேடி வந்து ஏன் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் சங்கடப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாயில் எந்நேரமும் கிராம்பை அடக்கிக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டே திரிந்தேன். மாஸ்க்குக்குள் அந்த வாடை எனக்கு இரண்டு மடங்காக வந்தது.

மே மாதம் அசனம் வந்தது. ஊரில் இல்லாதவர்கள்கூட லீவு போட்டு வந்து, கோவில் மைதானத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஒரே சோறும் ஒரே ஆட்டுக்கறிக் குழம்பும் தின்கிற நாள். தோளோடு தோள் இடிக்கிற மாதிரிதான் பந்தி போடுவார்கள். நான் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மத்தியானம், மணியடித்துக் கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்பிள்ளை வந்து ஒரு தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் வாசல்படியில் வைத்துவிட்டு, "அண்ணே, வச்சிருக்கேன்" என்று வெளியே இருந்தே சொல்லிவிட்டுப் போனார். கதவைத் திறந்து அந்தச் சட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு நானும் ஒரு நாள் கஞ்சியை இப்படி நிலைப்படியில்தான் வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டை அலுவலகத்தில் மற்றவர்களோடு சாப்பிடுவதை நிறுத்தினேன். பத்து நிமிஷத்தில் தனியாக முடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற கோவிலுக்குப் போய் உட்காருவேன். அந்த நேரத்தில் அங்கே புறாக்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். "ஆண்டவரே, இந்த நாற்றத்தை எடுத்துப்போடும்" என்பதுதான் என் ஜெபம். மாதக்கணக்கில் அதே ஜெபம். பதில் இல்லை. சில நாள் கோபத்தில் கத்தியிருக்கிறேன். சில நாள் புறாக்களைப் பார்த்துக்கொண்டு மணியடிக்கும் வரை இருந்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் ஓடி, மறு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலமும் வந்தது. அந்த மார்ச்சில் கன்னம் இலேசாக வீங்கத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன், அப்பாவின் முகம் தெரிந்தது. அன்று மத்தியானம் கோவிலில் என் ஜெபம் தானாக மாறிவிட்டது. நாற்றத்தை எடும் என்று கேட்கவில்லை. "சாகிறதாக இருந்தால் சாகிறேன். ஆனால் தனியாகச் சாக முடியாது ஆண்டவரே. யாரையாவது அனுப்பும். யாராக இருந்தாலும் சரி" என்று கேட்டேன். பதினாலு மாதத்தில் நான் உண்மையாகச் செய்த ஜெபம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்திய பெரிய வியாழனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறு மணி இருக்கும். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் பொன்ராஜ் அண்ணாச்சி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுண் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜங்ஷன் நெரிசலில் ஹாரனுக்குப் பதில் தன் தொண்டையையே பயன்படுத்தியிருப்பாரோ என்று நினைக்கிற அளவுக்குச் சத்தம். சபைக் காரியம் எதிலும் அவர் ஒரு பக்கம் என்றால் நான் மறுபக்கம். நான் நற்கருணை எடுப்பதை விட்டதற்கு அடுத்த வாரம் நடந்த கூட்டத்தில், அசனத்துக்குப் பந்தி போடுவது பற்றி நான் ஏதோ சொல்லப் போக, "உமக்கு ஒண்ணும் தெரியாது, இரியும் வே" என்று இருபது பேர் முன்னால் என்னை உட்கார வைத்தவர். ஆண்டவர் என்னிடம், யாரை அனுப்பட்டும் என்று பட்டியல் கேட்டிருந்தால், பொன்ராஜ் அண்ணாச்சி பேரைக் கடைசியில்கூட எழுதியிருக்க மாட்டேன்.

நான் மாஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, எதிர்ச் சுவரோரம் நின்றேன். அவர் உட்காரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த மனுஷனுக்குக் குரல் தாழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அன்னைக்குக் கூட்டத்துல உம்ம அப்படிப் பேசினது தப்பு வே. அதுல இருந்து நீரு நற்கருணை எடுக்கல. நானும் எத்தனையோ நாளு வரணும் வரணும்னு நெனைச்சேன், முகம் இல்ல. என் மேல ஒருத்தனுக்கு வருத்தம்னு தெரிஞ்சிக்கிட்டே நான் மட்டும் எப்படி எடுக்க? மூணு மாசமா நானும் எடுக்கல. வியாழக்கிழமை வருது. என்னைய மன்னிச்சிரும்."

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் அன்று திட்டியதை நான் அடுத்த வாரமே மறந்துவிட்டேன். அவர் பதினாலு மாதமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். ஜெபாவிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். பகை ஒன்றும் இல்லை, என் வாய் நாறுகிறது, அதனால்தான் பாத்திரத்தைத் தொடவில்லை, அதனால்தான் எல்லாரும் என்னை விட்டுத் தள்ளிப் போகிறார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். மாஸ்க்கைக் கழற்றும் என்றார். நான் மாட்டேன் என்றேன். அவரே கழற்றினார். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். அந்த டாக்டரை விட்டால், பதினாலு மாதத்தில் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்த முதல் முகம் அது.

"ஒரு நாத்தமும் இல்லையே வே" என்றார்.

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணாச்சிக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் வராது. மறுபடியும் மோந்து பார்த்து, கிராம்பு வாடைதான் அடிக்கிறது என்றார். பிறகு ஏன் எல்லாரும் தள்ளிப் போனார்கள் என்று கேட்டேன். "நீருதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் தள்ளித் தள்ளி உக்காந்தீரு. கோவமா இருக்கவனுக்குப் பக்கத்துல போய் எவன் உக்காருவான்?" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அதோடு விடவில்லை. நாற்றம் எனக்கு மட்டும் தெரிகிறதா, ஒரு பக்கத்து மூக்கில் மட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேல் கடைவாய்ப் பல்லை யாரிடமாவது காட்டினீரா என்றார். பல்லில் வலியே இல்லை என்றேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள். மறுநாள் டிப்போவில் காபி குடித்தால், வாயில் ஊற்றிய காபி மூக்கு வழியாகச் சட்டையில் ஒழுகியிருக்கிறது. கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த ஓட்டை ஆறும் வரை அவருக்கும் இதே பிணவாடை, பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் அவருக்கு மட்டும். மேல் கடைவாய்க்கும் மூக்குப் பக்கத்து அறைக்கும் நடுவில் முட்டை ஓடு கனம்தான் சுவர் என்று அன்று பல் டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவரே தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். சின்ன வயசு அம்மா. வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினார். இடது மேல் வரிசையில் கடைசிப் பல், அதாவது ஞானப் பல், எப்போது பிடுங்கினீர்கள் என்று கேட்டார். பிடுங்கவே இல்லை என்றேன். முளைக்கவே இல்லை, அதனால் எனக்கு அது கிடையாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். முகத்தைச் சுற்றி வந்து எடுக்கிற எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். அதில் இருந்தது என் பல். ஈறில் முளைக்க வேண்டியது திசை தப்பி, தலைகுப்புற மேலே ஏறி, கண்ணுக்குக் கீழே சைனஸ் அறைக்குள் போய்ப் படுத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு பை. பைக்குள் சீழ். என்னுடைய செத்த எலி அதுதான்.

அப்போதும் என் பயம் என்னை விடவில்லை. பை என்றால் புற்றா என்று கேட்டேன். பார்த்தால் அப்படித் தெரியவில்லை, ஆனாலும் ஸ்கேன் எடுத்து, வெளியே எடுத்த பிறகு பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சியைப் பார்த்தேன். மடித்து வைத்த பழைய சீட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, இப்ப போவோம். நான் வெளிய இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். ஸ்கேன் அறைக்குள் படுத்திருந்தபோது வெளியே அவர் யாரிடமோ போனில் கத்திப் பேசுவது கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பயமில்லாமல் படுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ஜெபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். "ஒரு பக்கம் மட்டும் நாத்தம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பல்லப் பாருங்கன்னு நானே சொல்லியிருப்பேனே. என்னைய எதுக்குக் கட்டினீங்க?" என்று கேட்டாள். பொண்டாட்டி நர்ஸ். அவளிடம் மறைத்துவிட்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழன் ஆராதனைக்கு நானும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நற்கருணைக்கு அவர் எழுந்தார், என்னையும் பார்த்தார். சீழ் முகத்துக்குள் இருக்கிறதே என்று எனக்கு இன்னும் தயக்கம். டாக்டர் சுத்தம் பண்ணின பிறகு வாரேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்ப என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பகை தீர்ந்துவிட்டதே, நீங்கள் போகலாமே என்றேன். "நீரு வரும்போது வாரேன் வே" என்றார். சபை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் கடைசியில் அறுவை சிகிச்சை. முழு மயக்கம் கொடுத்து, மேல் உதட்டைத் தூக்கி ஈறு வழியாகப் போய் எடுப்பார்கள். மகளுக்குப் பரீட்சை, ஜெபாவுக்கு மே முதல் வாரம்தான் லீவு கிடைத்தது. அதுவரை தள்ளிப்போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காலையில் என்னைத் தயார்படுத்திவிட்டு, சம்மதப் படிவத்தோடு நர்ஸ் வந்தார். நோயாளிக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் யார், என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி பேனாவை வாங்கி, பஸ் டிரிப் ஷீட்டில் எழுதுகிற மாதிரிக் கட்டை எழுத்தில் 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. மயக்க மருந்து ஏறும் வரை நான் அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்லையும் பையையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லி முடியாது. ஆனால் தனியாக இல்லை. இரண்டு நாள் அண்ணாச்சி என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். பிறகு ஜெபா வந்து சேர்ந்தாள். நான் தடுப்பதற்குள் என் முகத்தோடு முகம் வைத்தாள். முடிவு வந்தது, சாதாரண நீர்ப்பை, வேறு ஒன்றும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. மூவரும் அந்த இடத்திலேயே முழங்காலிட்டோம். அண்ணாச்சி ஜெபித்தார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும் என்று கட்டளை. வீக்கம் வடிந்து அடைப்பு விட்டபோது, அந்த வாடை போய்விட்டிருந்தது. திரும்பி வந்த முதல் வாசனை என்ன என்று கேட்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் வேர்வை. வெயிலில் வந்தவர். அதை மூச்சு முட்ட இழுத்தேன். என்னவே என்றார், ஒன்றுமில்லை என்றேன்.

பள்ளி திறந்ததும் ஸ்டெல்லா டீச்சரிடம் ஏன் மேசையை மாற்றினீர்கள் என்று தைரியமாகக் கேட்டுவிட்டேன். வெயில் கம்ப்யூட்டரில் பட்டுக் கண் கூசியதால் மாற்றினாராம். கோவில்பிள்ளையிடமும் கேட்டேன். இன்னும் நாற்பது வீட்டுக்குச் சட்டி கொண்டுபோக வேண்டியிருந்தது, அதனால்தான் வாசலோடு வைத்தேன் என்றார். என்னை யாரும் ஒதுக்கவில்லை. ஒதுக்கியவன் நானே.

ஜூன் முதல் ஞாயிறு நற்கருணைக்குப் போனேன். கிராதியில் எனக்கு வலதுபக்கம் அண்ணாச்சி முழங்காலிட்டார். பாத்திரம் இடமிருந்து வரும், அதனால் எனக்குப் பிறகுதான் அவருக்கு. ஐயர் என் உதட்டில் வைத்தார். குடித்தேன். ஐயர் துணியை எடுக்குமுன்பே அண்ணாச்சி முகத்தை நீட்டிவிட்டார். துடைக்கக் காத்திருக்கவில்லை.

இதைக் கேட்கிறவர்களில் என்னைப் போல வியாதியை மறைத்து, ஸ்கேன் சீட்டை மடித்து வைத்துவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்திருக்கிறவர்கள் இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நாளைக்கே போய் எடுத்துவிடுங்கள். ஆண்டவர் அதைத் தப்பாக நினைக்க மாட்டார். நாற்றத்தை எடும் என்று நான் மாதக்கணக்கில் கேட்டபோது அவர் சும்மா இருந்தார் என்று நினைத்தேன். யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன், அனுப்பினார். அந்த ஆள் வழியாகவே மற்றதையும் தந்தார். அவரை நம்புங்கள். உள்ளதை உள்ளபடி கேளுங்கள்.

இன்னும் ஒன்று. பொன்ராஜ் அண்ணாச்சி அன்று என் வீட்டுக்கு வந்தது தப்பாக நினைத்துக்கொண்டுதான். இல்லாத பகையைத் தீர்க்கத்தான் வந்தார். அந்தத் தப்பால்தான் நான் இன்று உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பெஞ்சில் ஒருவர் தள்ளி உட்காருகிறாரா? சரியான காரணம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போய், என் மேல் ஏதும் வருத்தமா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் அவர் சொல்வார். அதற்குப் பிறகும் ஒரு நிமிஷம் அங்கேயே நில்லுங்கள்.